"செட்" என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாத்தான் தமிழ்ல எழுதுறது?

தேன்சிட்டு
வணக்கம் எல்லாருக்கும். மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன். இப்ப கையில இருக்கறது கட்டட மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சிக் கையேடு, ஆங்கிலத்துலேர்ந்து தமிழுக்கு. வேலை குடுத்தவங்க கூடவே ஒரு சொற்பட்டியல் அனுப்பியிருக்காங்க. அதுல "செட்" வர்ற எல்லா இடத்துக்கும் "அமை"ன்னு ஒரே சொல். மாத்தக் கூடாதாம், எங்கயும் ஒரே மாதிரி இருக்கணுமாம்.

அதைக் கேட்டு முதல் அத்தியாயத்தை முடிச்சுட்டுத் திரும்பப் படிச்சேன். "சிமெண்ட் அமையும் நேரம்". "அமைப்புச் சதுரம்" (அது மூலைமட்டம்!). "கட்டடத்தை வெளியே அமைத்தல்" (தரையில நூல் கட்டி அளவு குறிக்கறது). எனக்கே புரியல, சைட்ல வேலை பாக்குறவருக்கு என்ன புரியும்?

உச்சக்கட்டமா ஒரு வாக்கியம் இருக்கு. உச்சரிப்பை அப்படியே தர்றேன்: "ஒன்ஸ் த காங்க்ரீட் ஹாஸ் செட், செட் த செட் ஸ்கொயர் அகெய்ன்ஸ்ட் த வால்." மூணு செட், ஒரே மூச்சுல. என் கேள்வி இதுதான்: இந்தச் சொல்லுக்கு அடிப்படையா ஒரு பொருள் இருக்கா? அதைப் பிடிச்சுட்டா மத்ததெல்லாம் வரிசைக்கு வந்துடுமா?

பழையப்ரூஃப்
அம்மா, அந்தச் சொற்பட்டியலைப் போட்டவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பிரிச்சே பாத்ததில்லன்னு தெரியுது. 1989ல வந்த ரெண்டாம் பதிப்பு, 20 தொகுதி. அதுல மிக நீளமான பதிவே "செட்"தான். 430 பொருள், சுமார் 60,000 சொல்லுல விளக்கம். ஒரு சின்ன நாவல் அளவு. வருஷக்கணக்கா சாதனைப் புத்தகங்கள்ல அந்த இடம் இதுக்குத்தான் இருந்தது.

பின்னால திருத்தின பதிப்புக்கு வேலை நடந்தப்ப "ரன்" முந்திடுச்சு. வினையா மட்டுமே 645 பொருள். அந்த ஒரு சொல்லோட உக்காந்த அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாசம் ஆச்சு. பத்து மாசத்துல பிள்ளையே பொறந்துடும்.

அதனால "ஒரே சொல் போதும்"னு சொல்றவங்ககிட்ட சண்டை போடாதீங்க. இந்த ரெண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்க.

அரைபிளேட்
எங்க ஊர்ல செட்டுன்னா தோசைதான். விவாதம் முடிஞ்சது, கடையைச் சாத்துங்க.

பழையப்ரூஃப்
தம்பி, அதுலயும் வில்லங்கம் இருக்கு. பெங்களூர்ல செட்டுன்னா மூணு வரும். நம்ம பக்கம் பல கடையில ரெண்டுதான். அப்ப செட்டுன்னா எத்தனை?

அரைபிளேட்
மாஸ்டர் மனசு எத்தனையோ அத்தனை.

வேர்க்கிறுக்கன்
தேன்சிட்டு, நீங்க கேட்ட "அடிப்படைப் பொருள்" உண்மையிலயே இருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு. சிக்கலே அங்கதான்.

முதல்ல வினை. பழைய ஆங்கிலத்துல "சிட்டன்"னா உட்கார். அதோட பிறவினை "செட்டன்", உட்கார வை. நம்ம பள்ளிக்கூட இலக்கணத்துல தன்வினை, பிறவினை படிச்சோமே, அதேதான். இரு – இருத்து, நட – நடத்து, ஓடு – ஓட்டு. நாம கடைசி எழுத்துல வேலையைக் காட்டுறோம், அவங்க நடு உயிரை மாத்துறாங்க. இன்னிக்கும் மிச்சம் இருக்கற ஜோடிகளைப் பாருங்க: ஃபால்னா விழு, ஃபெல்னா (மரத்தை) வீழ்த்து. லைனா கிட, லேனா கிடத்து. ரைஸ்னா எழு, ரெய்ஸ்னா எழுப்பு. இதே வரிசையில சிட், செட். கச்சிதமான தமிழ் இணை "இருத்து". பேச்சுத் தமிழ்ல "உக்கார வை".

இப்படி யோசிச்சா நிறைய இடம் தெளிவாகும். கடிகாரத்துல அலாரம் செட் பண்றது, முள்ளை ஒரு இடத்துல உக்கார வைக்கறது. மோதிரத்துல கல்லை செட் பண்றது, கல்லை அதோட குழியில உக்கார வைக்கறது (நம்ம ஆசாரி "பதிக்கறது"ம்பார்). விலை, தேதி, விதி எல்லாத்தையும் செட் பண்றது, ஆடாம அசையாம ஒரு இடத்துல இருத்தறதுதான்.

அப்புறம் ஒரு குட்டிக்கரணம் போட்டுச்சு. பிறவினை மறுபடியும் தன்வினையா திரும்பிச்சு. யாரும் உக்கார வைக்காமலே தானா உக்காந்தா அதுவும் "செட்". சூரியன் செட் ஆகுது, ஜெல்லி செட் ஆகுது, காங்கிரீட் செட் ஆகுது. "ஓட்டு"ன்னே சொல்லி "ஓடு"ங்கற பொருளையும் எடுத்துக்கிட்ட மாதிரி. தமிழ்ல இது நடக்காது.

இந்த வேர் நம்ம பக்கமும் வந்திருக்கு. சமஸ்கிருதத்துல உட்காருங்கறதுக்கு "சத்". உபநிஷத்துங்கறதுல கடைசித் துண்டு அதான், பக்கத்துல போய் உக்கார்றது. அவங்க நெஸ்ட்டும் இவங்க "நீட"மும் ஒரே சொல். பறவை இறங்கி உக்கார்ற இடம்.

ரெண்டாவது, பெயர்ச்சொல். "ஒரு செட் பாத்திரம்". இது வேற வம்சம்! லத்தீன் "செக்டா", பின்தொடர்ற கூட்டம். அதுலேர்ந்து பழைய பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தது. மதத்துல பிரிவு, உட்பிரிவுக்குச் சொல்ற "செக்ட்"டும் இதேதான். பின்னால வினையும் பெயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உறவாடி யாரு யாருன்னே தெரியாம போயிடுச்சு. ஆனா உங்களுக்கு இந்தப் பிரிவு முக்கியம். "உக்கார வைக்கற" செட் ஒரு குடும்பம், "கூட்டமா வர்ற" செட் இன்னொரு குடும்பம். ஒரே தமிழ்ச் சொல்லால ரெண்டையும் கட்ட முடியாது.

கலவைக்காரன்
சைட்ல 20 வருஷம். வேர்க்கிறுக்கன் சார் சொன்னதெல்லாம் அருமை. ஆனா தங்கச்சி, அந்தக் கையேட்டுல "சிமெண்ட் இருத்தும் நேரம்"னு எழுதிடாதீங்க, எங்காளு சிரிப்பான்.

சிமெண்டுக்கு எங்க ஆளுங்க சொல்றது "இறுகுறது". பாதிப் பேரு "செட்டாயிடுச்சு"ன்னே சொல்லுவான். ரெண்டும் ஓடும். ஆனா ஒரு விஷயம் கண்டிப்பா பிரிச்சுக் காட்டணும். செட்டிங் வேற, ஹார்டனிங் வேற. கலவை அசைய முடியாத நிலைக்கு வர்றது முதல்து. பலம் ஏறுறது ரெண்டாவது, அது நாள்கணக்கு. 28 நாள் வரைக்கும் தண்ணி விட்டு, மாதிரிக் கட்டியை உடைச்சுப் பாக்குறது எல்லாம் அதுக்குத்தான். நான் பாத்த ஒரு கையேட்டுல ரெண்டுக்கும் "இறுகுதல்"னு போட்டிருந்தான். அதைப் படிச்சுட்டு மறுநாளே சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்குற பலகை, முட்டு) பிரிச்சா என்ன ஆகும்?

செட்டிங்கைக் கண்ணால பாக்கணும்னா லேபுக்கு வாங்க. விகாட்னு ஒரு கருவி. 40 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு வளையம். அதுல சிமெண்ட் பசையை நிரப்பி, மேலேர்ந்து 1 மில்லிமீட்டர் சதுர ஊசியை விடுவோம். முதல்ல வெண்ணெயில விடற மாதிரி அடி வரைக்கும் இறங்கும். கொஞ்ச நேரம் கழிச்சு விட்டா கொஞ்சம் மேலயே நிக்கும். அடியிலேர்ந்து சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்னுடுச்சுன்னா "இனிஷியல் செட்". சாதா போர்ட்லண்டு சிமெண்டுக்கு இது 30 நிமிஷத்துக்கு முன்னாடி வரக் கூடாது. "ஃபைனல் செட்" 600 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. அந்த 30 நிமிஷம் கிடைக்கறதுக்குத்தான் ஆலையில அரைக்கும்போதே ஜிப்சம் சேக்குறாங்க. அது இல்லேன்னா தண்ணி பட்டதும் சட்டில ஒட்டிக்கும்.

"செட்டிங் அவுட்"டுக்கு நாங்க சொல்றது "மார்க்கிங்", இல்லேன்னா "நூல் புடிக்கறது". 3 அடி, 4 அடி அளந்து குறுக்க 5 அடி வருதான்னு பாத்து மூலை எடுப்போம். "செட்பேக்"குக்கு (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவுல காலியா விட வேண்டிய இடம்) மொழிபெயர்ப்பே வேணாம். வீடு கட்டுற ஒவ்வொருத்தனுக்கும் அது வயித்தெரிச்சலோட தெரியும்.

தேன்சிட்டு
கலவைக்காரன் அண்ணே, கும்பிடுறேன். எங்க வரைவுலயும் ரெண்டுக்கும் ஒரே சொல்தான் போயிருக்கு. இன்னிக்கே மாத்துறேன். "இறுகுதல்", "வலுவேறுதல்"னு போடலாமா?

கலவைக்காரன்
வலுவேறுதல் நல்லாருக்கு. படிச்சதும் புரியுது.

கட்சிக்காரர்_கவனிக்க
நீதிமன்றத்துல குமாஸ்தா வேலை. எங்க செட்டைக் கேட்டா மயக்கம் வரும்.

எதிராளி கூப்பிட்டும் வரலைன்னா டைரியில ஒரு வரி விழும்: "கால்டு ஆப்சென்ட், செட் எக்ஸ்பார்ட்டி." அதாவது அவரை ஒருதலைப்பட்சமா ஆக்கியாச்சு. தீர்ப்பும் ஆகிப் போச்சுன்னா அவர் அலறியடிச்சு ஓடி வருவார். உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 9 ரூல் 13, பொதுவா 30 நாளுக்குள்ள மனு. அந்த மனுவுக்கு என்ன பேர்? "செட் அசைடு"! ஆக, ஆளைக் கவுத்ததும் செட், கவுத்ததை நிமித்தறதும் செட். கட்சிக்காரர்கிட்ட "உங்களை செட் பண்ணிட்டாங்க, செட் அசைடு போடணும்"னு சொன்னா, "யாரு சார் என்னை மாட்டிவிட்டது?"ம்பார். அவர் கேக்கறதும் ஒரு வகையில சரிதான், "செட்டப்"பும் இந்தக் குடும்பம்தானே.

மொழிபெயர்க்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. செட் அசைடுன்னா "ரத்து". "தள்ளுபடி" இல்ல. தள்ளுபடின்னா மனுவே தோத்துப் போச்சுன்னு அர்த்தம். செய்தியில இதை மாத்திப் போட்டுட்டா ஜெயிச்சவன் தோத்தவனாயிடுவான்.

கரும்புக்கொல்லை
நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். கரும்பு நடறதுக்கு வெட்டுற துண்டுக்கு ஆங்கிலத்துல "செட்", எழுத்துல கடைசியில ஒரு டி அதிகமா வரும். நாங்க சொல்றது கரணை. ஒருபரு கரணை, இருபரு கரணைன்னு சொல்லுவோம். நடறதுக்கு முன்னாடி அதை மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கறது கரணை நேர்த்தி. போன வருஷம் ஒரு துண்டுப் பிரசுரத்துல அதுக்கு "தொகுப்பு சிகிச்சை"ன்னு அச்சாகி வந்தது. எங்க அப்பா கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் படிச்சாரு. "யாருக்குடா உடம்பு சரியில்ல?"ன்னாரு.

இன்னொண்ணு. மா, தக்காளி எல்லாத்துக்கும் "ஃப்ரூட் செட்"னு எழுதுவாங்க. நமக்கு அது "காய் பிடிக்கறது". பூ கொட்டாம பிஞ்சு நின்னுதுன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இதுக்கு "பழத் தொகுப்பு"ன்னு போட்டா சந்தையில கூடைதான் ஞாபகம் வரும்.

வேர்க்கிறுக்கன்
ஐயா, மன்னிப்பெல்லாம் எதுக்கு! நீங்க சொன்னதுதான் இந்த விவாதத்துக்கே முதுகெலும்பு. ஆங்கிலம் ஒரே வினையால முடிக்கற இடத்துல தமிழ் "எது?"ன்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கும். தயிர் உறையும். கலவை இறுகும். பிஞ்சு பிடிக்கும். உடைஞ்ச எலும்பு கூடும். பொழுது சாயும். அஞ்சுக்கும் அங்க ஒரே செட். நமக்கு ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல வச்சா காதுக்கே ஒவ்வாது. எலும்பு உறைஞ்சுதுன்னோ, தயிர் கூடிச்சுன்னோ சொல்லிப் பாருங்க.

நேர்மாறு
நான் வேற கட்சி. எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? "செட்" தமிழாகி எத்தனை காலமாச்சு! பம்ப்செட், மைக் செட், பல்செட், கரகாட்ட செட். கிராமத்துல பாட்டிக்கு "செயற்கைப் பல்வரிசை"ன்னா புரியுமா, "பல்செட்"னா புரியுமா? எல்லா இடத்துலயும் "செட்"னே போட்டுட்டுப் போங்க.

வேர்க்கிறுக்கன்
பாதி ஒத்துக்கறேன். நீங்க சொன்ன நாலும் பெயர்ச்சொல்லைக் கவனிச்சீங்களா? "கூட்டமா வர்ற" செட்டை நாம முழுசா தத்தெடுத்துட்டோம். மோட்டாரும் பம்பும் சேந்தா பம்ப்செட். ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், மைக், ஒயர் எல்லாம் சேந்து வண்டியில வந்தா மைக் செட். "உக்கார வைக்கற" வினையை அப்படி எடுத்துக்கல. யாராவது "தயிர் செட் ஆச்சா"ன்னு கேட்டா அவர் வீட்டுல பால் பாக்கெட் மட்டும்தான் வாங்குறாங்கன்னு அர்த்தம்.

நேர்மாறு
அப்ப "செட் ஆகாது"? "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது", "அந்தச் சட்டை உனக்கு செட் ஆகல". இது வினைதானே?

வேர்க்கிறுக்கன்
அட, நல்ல அடி. ஆனா பாருங்க, இந்தப் பொருள்ல ஆங்கிலத்துல செட் சொல்ல மாட்டாங்க. சட்டைக்கு அவங்க சொல்றது "சூட்". நாம கடன் வாங்கி, நம்ம "ஒத்துவராது"க்கு மேல ஆங்கிலச் சட்டையை மாட்டி, புதுசா ஒண்ணைப் பண்ணிட்டோம். இதுல ஒரு வேடிக்கை: "சூட்"டும் லத்தீன்ல பின்தொடர்றதுங்கற அதே வினையிலேர்ந்து வந்ததுதான், நான் மேல சொன்ன செக்டாவுக்குப் பங்காளி. தெரியாமலே சொந்தக்காரன் வீட்டுலதான் கை வச்சிருக்கோம்.

கொழும்புத்துறையான்
நல்ல கதை போகுது. எங்கட பக்கம் இதை "செற்" எண்டுதான் எழுதுறது. ரீவி செற், மைக் செற். பெடியள் ஒரு செற்றாத் திரியிறாங்கள் எண்டும் சொல்லுவம். நீங்கள் "ட்" போடுற இடத்தில நாங்கள் "ற்" போடுவம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா அதில ஒரு சிக்கல். "செற்று" எண்டால் பழந்தமிழில பகைச்சு, அழிச்சு எண்டு பொருள். குறளில "செற்றார்" எண்டால் பகைவர், 446ஆம் குறளைப் பாருங்கோ. சின்ன வயசில நான் "மைக் செற்றார்" எண்டு ஒரு கடைப் பலகை பாத்திட்டு, மைக்குக்கு ஆர் பகைவர் எண்டு கனநாள் யோசிச்சனான்.

அரைபிளேட்
அதிகாலை அஞ்சு மணிக்குக் கோயில் குழாயில பாட்டுப் போடறப்ப எங்க தெருவே செற்றார்தான் அண்ணே.

வெத்தலப்பொட்டி
யாருமே தமிழ்ச் "செட்டு" பத்திச் சொல்லலையே! எங்க அப்பத்தா மருமகளைப் பாராட்டணும்னா "அவ செட்டா குடும்பம் பண்றா"ம்பாங்க. நான் ரொம்ப நாள் இதை ஆங்கில "செட்"னே நெனச்சுக்கிட்டிருந்தேன், ஒழுங்கா அடுக்கி வச்சிருக்காங்கன்னு. காலேஜ் படிக்கறப்ப ஒருநாள் "அப்பத்தா, இங்கிலீஷெல்லாம் பேசுறீயே"ன்னு கேலி பண்ணிட்டேன். "போடி இவளே, செட்டுன்னா சிக்கனம்டி"ன்னு மண்டையில ஒரு குட்டு. அப்புறம் அகராதியில பாத்தா செட்டு, சிக்கனம்னு இருக்கு. வியாபாரம்னும் ஒரு பொருள் இருக்கு. "கட்டும் செட்டுமா"ங்கறதுல வர்றது இதுதான்.

அப்பத்தா அரிசியை உழக்குல அளந்து, போடறதுக்கு முன்னாடி ஒரு பிடியைத் திரும்பப் பானைக்குள்ள விட்டுடுவாங்க. அதான் செட்டு. ஆங்கிலத்துல அதுக்கு இவ்வளவு சின்னச் சொல் இருக்கான்னு தெரியல.

பழையப்ரூஃப்
வெத்தலப்பொட்டி, மகராசியா இரும்மா. இந்த ஒண்ணுக்காகவே இழையைத் திறந்தது வீண் போகல.

எங்க தொழில்ல ஒண்ணைச் சொல்லிட்டுப் போறேன். அச்சுக்கூடத்துல எழுத்து கோக்குறதுக்கும் செட்டிங்னுதான் பேரு. கையில ஒரு சின்ன இரும்புத் தட்டு. அறையிலேர்ந்து ஈய எழுத்தை ஒண்ணொண்ணா எடுத்து, தலைகீழா, இடவலம் மாத்தி அதுல உக்கார வைக்கணும். வேர்க்கிறுக்கன் சொன்ன "உக்கார வை" எனக்குச் சட்டுனு புரிஞ்சது அதனாலதான், என் விரல் அந்த வேலையைச் செஞ்ச விரல். பின்னால "ஆஃப்செட்" வந்து எங்க பொழப்பை முடிச்சுது. அதுலயும் செட்தான் உக்காந்திருக்கு. தகட்டுலேர்ந்து நேரா தாளுக்குப் போகாம, முதல்ல ரப்பர் உருளையில படிஞ்சு, அங்கேர்ந்து தாளுக்கு வரும். காகிதம் போடத் தவறினப்ப ரப்பர்ல படிஞ்ச பிம்பம் அடுத்த தாள்ல இன்னும் துல்லியமா விழுந்ததைப் பாத்துத்தான் இதைக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லுவாங்க. நமக்கு அதுவும் "ஆப்செட்"னு ஒரே தமிழ்ச் சொல். சிவகாசியில போய் வேற பேர் சொன்னா காலண்டர் கிடைக்காது.

எட்டாம்வகுப்பு_பி
கணக்கு வாத்தியார். எங்களுக்கு செட்னா "கணம்". உட்கணம், வெற்றுக்கணம், அனைத்துக்கணம். பாடப்புத்தகத்துல சிக்கலே இல்ல. பசங்கதான் "ஒரு கணம் பொறுங்க சார்"னு சொல்லிட்டுச் சிரிப்பானுங்க.

நேர்மாறு
வாலிபால்ல செட்டர் இருக்காரே, அவரு எந்தக் குடும்பம்? உக்கார வைக்கறவரா, கூட்டமா?

கலவைக்காரன்
அடிக்கறவன் கைக்குத் தோதா பந்தை வச்சுக் குடுக்கறவர். அதனால உக்கார வைக்கற குடும்பம். ஆனா 25 பாயிண்ட்ல முடியுற "ஒரு செட்டு" மத்த குடும்பம்னு நெனக்கிறேன். எங்க சைட் டீம்ல செட்டர் நான்தான், அதனால பேசலாம்.

தேன்சிட்டு
எல்லாருக்கும் நன்றி. நேத்து ஒரு வேலை பண்ணேன். எங்க தெருமுனையில வீடு கட்டுறாங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல போய் அந்த மூணு செட் வாக்கியத்தைத் தமிழ்ல என்ன பண்றதுன்னு மேஸ்திரியையே கேட்டேன். ஆங்கிலம் சொல்லல, செய்யற வேலையை மட்டும் கையால காட்டினேன். அவர் வாயைத் தொடச்சுக்கிட்டுச் சொன்னது: "காங்கிரீட்டு இறுகினதும் மூலமட்டத்தச் சொவத்தோட அணைச்சு வெய்யி." முடிஞ்சது. மூணு செட்டும் மூணு சொல்லா பிரிஞ்சு நின்னுச்சு. "அணைச்சு"ங்கற சொல் எனக்கு ஒரு வாரமா தோணவே இல்ல.

பழையப்ரூஃப் ஐயா சொன்ன மாதிரி 430ஐயும் 645ஐயும் போட்டு, வேலை குடுத்தவங்களுக்கு மெயில் அனுப்பிட்டேன். சொற்பட்டியலைத் திருத்தி அனுப்பியிருக்காங்க. இப்ப அதுல இப்படி இருக்கு: "செட் = அமை / இறுகு."

அரைபிளேட்
ஒண்ணு ரெண்டாச்சு. இன்னும் 428 பாக்கி.

தேன்சிட்டு
பாக்கியில ஒண்ணை இங்கயே கேட்டுடுறேன். அடிச்சு இறக்குற பைல் தூண் பத்தி ஒரு பக்கம் இருக்கு. கடைசி அடிகளுக்குத் தூண் எவ்வளவு இறங்குதோ அந்த அளவுக்கும் "செட்"னு பேர். அண்ணே, சைட்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?

கலவைக்காரன்
"இன்னும் எவ்வளவுடா எறங்குது?"ன்னு கேப்போம் தங்கச்சி. "இறக்க அளவு"ன்னு போடுங்க.